ஓரத்தில் என்ன நடக்கிறது? ஒலியியலை ஆழமாகப் படிக்க ஒரு வழிகாட்டி

பதினொன்றாம் வகுப்பில் அலைகள் பாடம் முடிந்ததும் பெரும்பாலானவர்களுக்கு ஒலியும் முடிந்துவிடுகிறது. கம்பி, ஆர்கன் குழாய், விம்மல், டாப்ளர், அவ்வளவுதான். பி.எஸ்சி. இயற்பியல் எடுத்தாலும் ஒளி, மின்காந்தம், குவாண்டம் என்று பாடம் வேறு பக்கம் போய்விடும். ஆனால் கடலூரில் மைக் செட் வைத்திருப்பவருக்கும், புதுச்சேரியில் மாடி அறையை ஸ்டூடியோ ஆக்க நினைப்பவருக்கும், மிருதங்கம் கற்கும் பொறியியல் மாணவிக்கும் அதற்கு மேல் கொஞ்சம் தேவைப்படுகிறது. யாரிடம் கேட்பது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மேல்நிலை ஒலியியல் என்றால் சூத்திரங்கள் குவிந்து கிடக்கும் என்று பயப்பட வேண்டாம். அடிப்படையில் இருப்பது ஒரே அலைச் சமன்பாடு. குழாய்க்கும் பானைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வங்கக் கடலுக்கும் அதே சமன்பாடுதான். இடத்துக்கு இடம் பதில் மாறக் காரணம் ஓரங்கள்: சுவர் கெட்டியா, வாய் திறந்திருக்கிறதா, தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறதா, மேலே காற்று கீழே தண்ணீரா. பாடநூல்கள் இதை எல்லை நிபந்தனை என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நீங்கள் போய்விடாதீர்கள், சரக்கு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கணக்கு எவ்வளவு வேண்டும்

கணக்கையெல்லாம் முடித்துவிட்டு ஒலிக்கு வருகிறேன் என்று கிளம்பினால் ஒலிக்கு வந்து சேரவே மாட்டீர்கள். ஆரம்பிக்கப் பகுதி வகையீடு, எளிய வகைக்கெழுச் சமன்பாடு, ஃபூரியர் தொடர், கலப்பெண்ணை அடுக்குக்குறி வடிவில் எழுதுவது, இவை போதும். இவற்றில் கடைசியைத்தான் நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்து அப்படியே மறந்துவிடுகிறார்கள். அலையின் வீச்சையும் கட்டத்தையும் ஒரே எண்ணில் வைத்துக் கணக்கிடாமல் ஒலியியலில் பத்துப் பக்கம்கூட நகர முடியாது. அதை மட்டும் ஒருமுறை ஒழுங்காகத் திரும்பப் படியுங்கள். வட்டத் தோலின் அதிர்வைச் சொல்லும் பெசல் சார்புகளை மிருதங்கம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கருவிக்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு டேப், இரண்டு ஸ்மார்ட்போன், ஒரு மடிக்கணினி. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் ஃபைஃபாக்ஸ் செயலி இலவசம். போனின் மைக்கையே அளவுகருவி ஆக்கிவிடும். பதிவு செய்து அலைவடிவம் பார்க்க ஆடாசிட்டி, அதுவும் இலவசம்.

முதல் படி: வேகத்தை நீங்களே அளந்துவிடுங்கள்

ஃபைஃபாக்ஸில் சத்தம் கேட்டால் ஓடத் தொடங்கி, அடுத்த சத்தத்தில் நிற்கும் கடிகாரம் ஒன்று உண்டு. நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலையில் ஒரு காலி மைதானத்துக்குப் போங்கள், கடலூர் என்றால் மஞ்சக்குப்பம் மைதானம் வசதி. கடற்கரை வேண்டாம், அலைச் சத்தமே கடிகாரத்தை ஓட்டிவிடும். 20 மீட்டர் இடைவெளியில் ஆளுக்கொரு போனோடு நில்லுங்கள். நீங்கள் போனுக்குப் பக்கத்தில் கை தட்டுங்கள். உங்கள் கடிகாரம் உடனே ஓடும், நண்பருடையது ஒலி போய்ச் சேர்ந்ததும் ஓடும். பிறகு நண்பர் தட்டட்டும். அவருடையது உடனே நிற்கும், உங்களுடையது கொஞ்சம் தாமதமாக நிற்கும். இரண்டு போனும் காட்டும் நேரங்களின் வித்தியாசம், ஒலி 40 மீட்டர் கடக்க எடுத்த நேரம். 30 டிகிரி வெயிலில் அது 0.115 விநாடியை ஒட்டி இருக்க வேண்டும், அதாவது விநாடிக்கு சுமார் 349 மீட்டர். நம் கடற்கரை ஈரப்பதம் ஒன்றிரண்டு மீட்டர் கூட்டும். ஒலி போகவும் வரவும் செய்வதால் காற்று அடிப்பதன் தாக்கம் ஏறக்குறைய தானாகவே கழிந்துவிடுகிறது. ஏன் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், முதல் பயிற்சிக் கணக்கு அதுதான்.

அளந்த கையோடு நியூட்டனின் கணக்கைப் போடுங்கள். ஒலி போகும்போது காற்றின் வெப்பநிலை மாறாது என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்படிப் போட்டால் 30 டிகிரியில் 295 மீட்டர்தான் வரும். உங்கள் அளவீட்டில் ஒரு மில்லிவிநாடி பிசகினால்கூட ஒரு சதவீதம்தான் தவறும். நியூட்டனுக்கும் உங்களுக்கும் இடையே விழும் பள்ளமோ 15 சதவீதத்துக்கு மேல். அழுத்தப்படும் இடம் சூடாகிறது, அந்தச் சூடு வெளியேற நேரமில்லை என்பதை லாப்லாஸ் சேர்த்தார். காற்றின் இரு தன்வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதமான 1.4-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 349 வந்துவிடும். பள்ளியில் இதை ஒரு 'திருத்தம்' என்று மனப்பாடம் செய்தோம். டேப்பும் போனும் வைத்து நீங்களே அதைச் செய்து காட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் படி: சமன்பாட்டை வருவியுங்கள், பிறகு கணினியில் ஓட்டுங்கள்

அலைச் சமன்பாடு மூன்று விஷயங்களிலிருந்து வருகிறது. காற்று எங்கும் காணாமல் போவதில்லை. அழுத்த வித்தியாசம் காற்றைத் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் அடர்த்தி கூடும். இந்த மூன்றையும் எழுதி, சிறிய உறுப்புகளை விட்டுவிட்டால் சமன்பாடு கையில் வந்துவிடும். பாடநூலை மூடிவைத்துவிட்டு ஒருமுறையாவது செய்ய வேண்டும்.

எதை, எந்தத் தைரியத்தில் விடுகிறோம் என்பதற்கு எண்கள்: சாதாரணப் பேச்சு 60 டெசிபல், அழுத்த மாற்றம் 0.02 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியின் வாயருகே 120 டெசிபல் என்றாலும் 20 பாஸ்கல்தான். 60 டெசிபலில் 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் காற்று முன்னும் பின்னும் ஆடும் தூரம் சுமார் 8 நானோமீட்டர். நம் காது அதையும் கேட்கிறது.

வருவித்த பிறகு பைத்தானில் ஒரு பரிமாண அலையைப் படிப்படியாக ஓட்டும் சிறு நிரல் எழுதுங்கள். முப்பது நாற்பது வரிக்கு மேல் போகாது. ஒரு நேரப் படியில் அலை, இடத்தைப் பிரித்த ஒரு துண்டின் நீளத்துக்கு மேல் நகரும்படி வைத்தால் விடை வெடித்து எங்கோ போய்விடும், கவனம். ஓடத் தொடங்கியதும் ஓரத்துக்கான அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். அழுத்தம் பூஜ்யம் என்று வைத்தால் குழாயின் திறந்த முனை. அலை தலைகீழாகத் திரும்பி வரும். காற்றின் வேகம் பூஜ்யம் என்று வைத்தால் மூடிய முனை. அலை புரளாமல் திரும்பும். மற்ற வரிகளை நீங்கள் தொடவே இல்லை.

மூன்றாம் படி: குழாய், பானை, தோல்

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். அவசரப்பட்டால் அடுத்ததெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும்.

குழாயில் ஆரம்பிக்கலாம். ஹார்ட்வேர் கடையில் ஒரு மீட்டர் பி.வி.சி. குழாய் வாங்கி ஒரு முனையை உள்ளங்கையால் தட்டுங்கள். தட்டிய கை அப்படியே மூடி நின்றால் ஒரு சுரம், உடனே எடுத்துவிட்டால் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே இன்னொன்று. மூடினால் கால் அலைநீளம், சுமார் 87 ஹெர்ட்ஸ். திறந்தால் அரை அலைநீளம், சுமார் 174. அளந்தால் இரண்டுமே கொஞ்சம் குறைவாகத்தான் வரும். திறந்த வாயில் அலை டக்கென்று நின்றுவிடாமல் ஆரத்தின் 0.6 மடங்கு வெளியே நீள்வதுதான் காரணம். அந்த 0.6-ஐ உங்கள் அளவீட்டிலிருந்து எடுத்துக் காட்ட முடிந்தால் இந்தப் படியில் முக்கால்வாசி முடிந்தது. நாதசுரத்தின் துளை கூம்பாக விரிகிறது. சீவாளிப் பக்கம் மூடிய முனைபோல நடந்தாலும் எல்லாச் சீரிசைகளும், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகள் எல்லாம், அதில் வரும். நேர் உருளையான கிளாரினெட்டில் ஒற்றைப்படைச் சீரிசைகளே மேலோங்கும். ஏன் என்பது கோள அலைச் சமன்பாட்டைத் தொட நல்ல சாக்கு.

அடுத்து பானை. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் போனால் கழுத்துள்ள ஒரு மண்பானை வாங்கி வாருங்கள். தண்ணீர் ஊற்றி அளந்து, கொள்ளளவு 5 லிட்டர், வாய் விட்டம் 8 செ.மீ., கழுத்து 3 செ.மீ., உள் ஆழம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதையும் ஒரு முனை மூடிய குழாய் என்று நினைத்தால் 349 ஹெர்ட்ஸ் வர வேண்டும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் வேறு மாதிரி பார்த்தார்: கழுத்தில் உள்ள காற்று ஒரு கட்டியாக ஏறி இறங்குகிறது, வயிற்றில் உள்ள காற்று சுருள்வில்லாக அதைத் தள்ளி இழுக்கிறது. அதன்படி வாயின் பரப்பை, கொள்ளளவும் திருத்திய கழுத்து நீளமும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, 2π-ஆல் வகுக்க வேண்டும். கழுத்து நீளத்தோடு இரு முனைக்கும் சேர்த்து ஆரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். விடை 190-ஐ ஒட்டி வரும்.

இரண்டு கணக்கில் எது சரி? பானையின் வாயில் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டி, பக்கத்தில் வைத்த போனில் நிறமாலையை, அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் படத்தை, பாருங்கள். முதல் தட்டில் மேசையும் கையும் சேர்ந்து கலங்கலாகத் தெரியும். பானையைப் புரிமணையில் வைத்துவிட்டு விரல் நுனிகளால் தட்டினால் ஒரு முகடு தனியாக எழும். அப்புறம் பாதித் தண்ணீர் ஊற்றித் திரும்பத் தட்டுங்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்குப்படி அதிர்வெண் 1.41 மடங்கு ஆக வேண்டும், குழாய்க் கணக்குப்படி இரண்டு மடங்கு. இரண்டுக்கும் நடுவே குழப்பமே வராத அளவு தூரம் இருக்கிறது. பானையை ஏன் இப்படிச் சுருக்கிப் பார்க்கலாம் என்றால், 190 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர், பானை அதில் ஒரு சிறு பகுதிதான். பொருள் அலைநீளத்தைவிடச் சின்னதா பெரியதா என்ற கேள்வியை இனி எங்கும் முதலில் கேளுங்கள்.

தோல்தான் நமக்குப் பெருமையான பகுதி. வட்டமாக இழுத்துக் கட்டிய சீரான தோலைத் தட்டினால் வரும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்ற விகிதத்தில் போகும். முழு எண்கள் இல்லாததால் சுரம் நிற்காது, வெறும் தட்டல்தான் கேட்கும். பெசல் சார்பு பூஜ்யமாகும் இடங்கள்தான் இந்த எண்கள். அட்டவணையைப் பார்த்து நீங்களே வகுத்துப் பாருங்கள். மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது? நடுவில் அப்பிய கரணை. மையத்தில் எடை ஏற்றி, ஓரத்தை நோக்கி மெலிந்துகொண்டே போகும் அந்தக் கறுப்பு வட்டம் விகிதங்களை 1, 2, 3, 4, 5 என்று இழுத்து வந்து நிறுத்துகிறது. சர் சி.வி. ராமன் 1920-இல் சிவகாலி குமாருடன் சேர்ந்து இதைப் பற்றி எழுதி, 1934-இல் விரிவாக வெளியிட்டார். ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சீரிசைகளுக்குள் அடங்குகின்றன என்று காட்டினார். ஒளிச்சிதறலுக்கு நோபல் வாங்கியவர் என்று மட்டும் அவரைத் தெரிந்துவைத்திருப்பது நம் குறை. மிருதங்கம் வாசிக்கும் யாரையாவது அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்திலோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையிலோ பிடித்து, மோதிர விரலை லேசாக ஊன்றி ஆட்காட்டி விரலால் ஓரத்தைத் தட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அடிப்படை அடங்கி, இரண்டாம் சீரிசை மேலே வருவது நிறமாலையில் தெரியும்.

அதிர்வு வகைகளைக் கண்ணால் பார்க்க ஆசை என்றால், பழைய ஒலிபெருக்கியின் நடுவில் ஒரு மெல்லிய உலோகத் தகட்டைப் பொருத்தி, போனிலிருந்து சுத்தமான சுரம் கொடுத்து, மேலே மணலைத் தூவுங்கள். மணல் அசையாத கணுக்கோடுகளில் போய்ச் சேரும். 1787-இல் க்ளாட்னி பதிப்பித்த உருவங்கள் இவை. சலித்த மெல்லிய அரிசி மாவைத் தூவினால் எதிர்மாறாக, அதிகம் ஆடும் இடங்களில் குவியும். தகட்டுக்கு மேல் எழும் சின்னக் காற்றோட்டங்கள் லேசான தூளை அங்கே இழுக்கின்றன என்று 1831-இல் ஃபாரடே விளக்கினார். இரண்டையும் கலந்து தூவிப் பாருங்கள், பிரிந்துபோகும்.

நான்காம் படி: டெசிபல்

இதில் நிறைய நேரம் போட வேண்டாம். காற்றில் 20 மைக்ரோபாஸ்கலைப் பூஜ்யம் டெசிபலாக வைத்து அளக்கிறோம், தண்ணீரில் ஒரு மைக்ரோபாஸ்கலை வைத்து. ஆகவே இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஒரே மாதிரி இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டி வைத்தால் பொதுவாக 3 டெசிபல்தான் கூடும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 குறையும். நம் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல் என்கின்றன. ஆடி மாதத்தில் இந்த எண்களைத் தெருவில் நின்று சரிபார்க்கலாம், ஆனால் விழாக் குழுவிடம் காட்டுவது உங்கள் துணிச்சல்.

ஐந்தாம் படி: மண்டபம்

வாலஸ் சபைன் 1895-இல் ஹார்வர்டில் பேச்சே விளங்காத ஒரு அரங்கைச் சரிசெய்யப் போனார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து போட்டு, ஆர்கன் குழாயும் காதும் கடிகாரமும் வைத்து எதிர்முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார். அதில் பிறந்தது: கன மீட்டரில் கொள்ளளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால் ஒலி 60 டெசிபல் இறங்கும் நேரம்.

நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குப் போடுவோம். 30 மீட்டர் நீளம், 15 அகலம், 6 உயரம். கொள்ளளவு 2700, மொத்தப் பரப்பு 1440 சதுர மீட்டர். கிரானைட் தரை, பூசிய சுவர், சராசரி உறிஞ்சல் 0.05 என்றால் 72 சதுர மீட்டர். காலி மண்டபத்தில் 6 விநாடி. 500 பேர் வந்து உட்கார்ந்தால் ஆளுக்கு 0.45 வீதம் 225 கூடும், நேரம் ஒன்றரை விநாடிக்கு இறங்கும். முதல் நாள் மாலை காலி மண்டபத்தில் மிக்சரைச் சரிசெய்துவிட்டு, மறுநாள் முகூர்த்தத்தில் எல்லாம் மாறிவிட்டதே என்று புலம்பும் மைக் செட்காரருக்கு இந்த இரண்டு எண்களே பதில். அளக்க ஒரு பலூன் போதும். உடைத்துப் பதிவு செய்து, ஆடாசிட்டியில் டெசிபல் அளவுகோலில் சரிவைப் பாருங்கள். மண்டபக் காவலரிடம் முதலில் சொல்லிவிட்டு உடையுங்கள்.

சபைன் சூத்திரம் ஒலி எல்லாத் திசையிலும் சமமாகக் கலந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறது. வீட்டு அறையில் தாழ்ந்த சுரங்களுக்கு இது பொருந்தாது. 4 மீட்டர் நீள அறை 44 ஹெர்ட்ஸில் தனியாக முழங்கும். மாடி ஸ்டூடியோவில் முட்டை அட்டை ஒட்டுபவர்கள் கவனிக்க: தாழ்ந்த சுரத்தை அது ஒன்றும் செய்யாது.

ஆறாம் படி: கடல்

உள்ளூரில் இருப்பவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் தண்ணீருக்குள் தலையை முக்கினால் கரைச் சத்தம் முழுக்க அடங்கிவிடும். அழுத்தத்துக்கும் காற்றோ நீரோ ஆடும் வேகத்துக்கும் உள்ள விகிதம், அதாவது இம்பீடன்ஸ், காற்றில் சுமார் 415, கடல் நீரில் 15 லட்சம். இவ்வளவு பொருந்தாத ஓரத்தில் நேராக விழும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். ஆக 30 டெசிபல் இழப்பு.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுக்காரர் ஒருவரிடம், "அண்ணே, எக்கோ சவுண்டரைக் கொஞ்சம் போட்டுக் காட்டுறீங்களா? இங்க எத்தனை பாகம்?" என்று கேட்டுப் பாருங்கள். பாகம் என்பது மீனவர்கள் கடல் ஆழம் சொல்லும் அளவு. திரையில் அடித்தளம் தடித்த கோடாக ஓடும். பரவலாக இருக்கும் கருவிகளில் 50, 200 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு அதிர்வெண் இருக்கும். 200-இல் அலைநீளம் எட்டு மில்லிமீட்டர்கூட இல்லை, மீன் தனித்தனியாகத் தெரியும். ஆனால் கடல் நீர் உயர் அதிர்வெண்ணைச் சீக்கிரம் விழுங்கிவிடும், ஆழத்துக்கு 50-தான். எதிரொலி 0.04 விநாடியில் திரும்பினால், வேகம் 1500 என்று வைத்தால் ஆழம் 30 மீட்டர். ஆனால் 29 டிகிரி வெப்பமும் சற்றுக் குறைந்த உப்பும் உள்ள நம் வங்கக் கடல் மேற்பரப்பில் வேகம் ஏறக்குறைய 1540. அப்போது ஆழம் 30.8 மீட்டர். முக்கால் மீட்டருக்கு மேல் வித்தியாசம்.

கடலில் ஆழத்துக்கு ஆழம் வேகம் மாறுவதால் ஒலி வளைகிறது, எப்போதும் வேகம் குறைந்த பக்கமாக. வெயிலில் மேல்நீர் சூடானால் ஒலி கீழே வளைந்து, தூரத்தில் சோனாருக்கு எட்டாத நிழல் விழும். இரவில் தூரத்துத் தெருக்கூத்துப் பாட்டு வாசலில் கேட்பதும் இதே கணக்கு. தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே சூடாக இருப்பதால் மேலே போக வேண்டிய ஒலி கீழே திரும்புகிறது. இதைக் கணக்கிடும் கதிர்ச் சமன்பாடுகளை இரண்டாம் படியில் எழுதிய நிரலை அடுத்து எழுதிப் பாருங்கள்.

புத்தகமும் ஆட்களும்

வரிசையாகப் படிக்க கின்ஸ்லர், ஃப்ரே பெயரில் வரும் பாடநூல் ஒன்று போதும், கணக்குகளைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ராலே பிரபு 1877, 1878-இல் எழுதிய இரண்டு தொகுதிகள் காப்புரிமை முடிந்து இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஆரம்பிக்காதீர்கள், ஆனால் ஒரு விஷயம் பிடித்துப்போனால் அதன் வேரைத் தேடி அங்கே போங்கள். என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் ஒலியியல் பாடங்கள் இருக்கின்றன. இரவில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது படிப்பு ஆகாது, நிறுத்தி நிறுத்திக் கையால் எழுத வேண்டும். கடல் பக்கம் நாட்டம் இருந்தால் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வேலைகளைக் கவனித்து வாருங்கள்.

சந்தேகம் வந்தால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழக இயற்பியல் துறை ஆசிரியர் எவருக்காவது எழுதலாம். "ஐயா, எனக்கு ஒலியியலில் ஆர்வம், வழிகாட்டுங்கள்" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது சந்தேகம். பானையின் அளவுகள், கணக்கில் வந்த அதிர்வெண், அளந்ததில் வந்தது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நீங்கள் நினைக்கும் காரணம், நிறமாலைப் படம் ஒன்று, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.